வாயில் வைக்காத சமையல்

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியைத் தாண்டி நடைபாதை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில்தான் ஏப்ரன் இன்னும் என் இடுப்பில் இருப்பதைக் கவனித்தேன். கட்டியபடியே வெளியே வந்திருந்தேன். நின்று அவிழ்க்க மனம் வரவில்லை. நின்றால் திரும்பிப் பார்ப்பேன். அக்கா கதவடியில் நின்று கூப்பிடுகிறாரா என்று தேடுவேன். நடந்தபடியே முடிச்சை இழுத்து, ஏப்ரனைச் சுருட்டி, கைப்பைக்குள் என் இரண்டு கத்திகளுக்கும் மேலே அடைத்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்து மழை, குளிராது, ஆனால் விடாது. டி-பானே ரயில் ஒன்று என்னைக் கடந்து ரொம்மன் பக்கமாகப் போனது. பயண அட்டை என்னிடம் இருந்தது. அந்தக் கோபத்தோடு ஆசனத்தில் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போனதும் எதையாவது அள்ளித் தின்பேன் என்று எனக்குத் தெரியும். நடந்தால் கோபம் காலுக்குள் இறங்கிவிடும். வீடு இருக்கும் அம்மருட் வரைக்கும் நடப்பது என்று முடிவு செய்தேன்.

நான் விட்டுவிட்டு வந்தது ஒரு சமையல் வேலையை. ஸ்டோவ்னரில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கலியாணம், பெரியபிள்ளையான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சாப்பாடு செய்து கொடுக்கும் இடம் அது. முதலாளி யாழ்ப்பாணத்துப் பெண். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைவிட நாலு வயது இளையவர். நானும் அக்கா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். சம்பளம் கொடுப்பவர்கள் எப்போதும் மூத்தவர்கள்தான்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பள்ளிக்கூடத்துக்குள் ஆமி இருந்தது, அதனால் நாங்கள் வெளியே இருந்தோம், அவ்வளவுதான். திருகோணமலையிலிருந்து மன்னார், அங்கிருந்து படகில் தமிழ்நாடு, ஒரு முகாம். பிறகு உறவினர் ஒருவர் காட்டிய வழியில் நோர்வேயின் வடமுனைக்குப் போய் பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டினேன். அப்போது எனக்கு இருபது வயது. நாள் முழுக்க நின்று கொட் மீனின் முதுகைக் கிழித்தாலும் இடுப்பு நோகாது. எதைச் சாப்பிட்டாலும் குளிர் அதைத் தின்றுவிடும். பின்னர் பேர்கனில் ஒரு கலியாணம். அது முறிந்ததும் பாரிஸ், இலண்டன், கடைச் சமையலறைகள், மறுபடி ஒஸ்லோ. ஓரிடத்தில் ஒத்துவராவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். என்னிடம் சொத்து என்று இருந்தது இரண்டு கால்கள்.

அதனால்தான் கால்களைப் பற்றிப் பயம்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற பிறகுதான் உடம்பு வைத்தது. முகாமில் அரிசியும் கிழங்கும்தான் சாப்பாடு. அதிலும் அவருடைய வயிறு முன்னால் வந்துகொண்டே இருந்தது. மற்றப் பெண்கள், கூப்பன் அரிசியில் இப்படிக் கொழுக்க எங்களுக்கும் சொல்லித்தா என்று பகிடி பண்ணினார்கள். பிறகு சீனி வருத்தம் வந்தது. பிறகு காலில் முள் குத்திய இடம் ஆறவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் உலகம் பாயிலிருந்து குடிசையின் வாசல் வரை. நான் புறப்படும்போது வாசல்வரை தவழ்ந்து வந்து பார்த்தார். இதை நான் வைத்தியரிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் குடும்ப வைத்தியர் நோர்வேப் பெண். எனக்கு மகள் இருந்தால் அந்த வயது இருக்கும். எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்குள் உடம்பு ஒரு சாக்குப் போல ஆகியிருந்தது. இரவில் தீப்பிடித்தது போல வியர்க்கும், பகலில் முழங்கால் குத்தும், இடுப்பில் இருந்த பாவாடை நாடா கட்ட எட்டாது. இரத்தம் பார்த்துவிட்டு, சீனி எல்லையில் நிற்கிறது என்றார். இது உங்கள் பிழையில்லை, இந்த வயதில் தசை குறையும், கொழுப்பு வயிற்றைத் தேடிப் போகும், அதே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் ஏறும் என்றார். எடையை இறக்கினால் தப்பலாம் என்றார்.

இறக்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. இரவுச் சோற்றை நிறுத்தினேன். மத்தியானம் ஒரு கைச் சோறு, மற்றதெல்லாம் மீனும் பருப்பும் கீரையும். தேநீருக்குச் சீனி போடுவதை விட்ட முதல் மாதம் வீட்டில் யாரோ செத்தது போல இருந்தது. அந்த நேரம் நான் மாடிக் கட்டடங்களில் படிக்கட்டுக் கழுவும் வேலை செய்தேன், அது உதவியது. தசை போகாமல் இருக்க பாரம் தூக்கு என்று வைத்தியர் சொன்னார். ஜிம்முக்குப் போக எனக்குக் கூச்சம். ஐந்து கிலோ சிவப்பரிசிப் பை ஒன்றை வாங்கி வைத்து, காலையும் மாலையும் தலைக்கு மேலே தூக்கினேன். தின்னாத அரிசியைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுத் தோழி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பத்துக் கிலோவுக்கு மேல் இறங்கியது. எங்கள் சனம் பார்த்துவிட்டு, "என்ன இப்பிடி மெலிஞ்சு போனீங்கள், ஏதும் வருத்தமோ?" என்று காதுக்குள் கேட்டது. வைத்தியர் மட்டும்தான் சந்தோஷப்பட்டார். அவர் இன்னொன்றும் சொன்னார். இறக்குவது பாதி வேலை, இறக்கியதை அங்கேயே வைத்திருப்பது மற்றப் பாதி, பெரும்பாலும் அதில்தான் தோற்கிறார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி இரத்தம் பார்ப்போம், எடை திரும்பி வந்திருந்தால் சீனியும் எல்லையைத் தாண்டியிருக்கும் என்றார். நான் அவர் மேசைக்குக் கீழே என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு படிக்கட்டு வேலை வேறு கொம்பனிக்குப் போனது. பனி கரையும்போது அக்காவின் சமையலறைக்கு வந்தேன். சமையல் எனக்குத் தெரிந்த வேலை, நின்று செய்யும் வேலை. சாப்பாட்டில் நான் கட்டுப்பாடாகவே இருந்தேன். மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத்தான் திறப்பேன். ஆனாலும் எடை ஏறத் தொடங்கியது. முதலில் தராசில் பிழை என்று நினைத்தேன். பிறகு பாவாடை நாடா சொன்னது.

ஒருநாள் உப்புப் பார்க்கும்போது ஒரு யோசனை வந்தது. வாயில் வைக்கிற ஒவ்வொரு கரண்டிக்கும் இன்னொரு கரண்டி எடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, ரோல்ஸின் உள்ளீடு, பாயாசம், புளி சேர்த்த பிறகு ஒரு தரம், தேங்காய்ப்பால் விட்ட பிறகு ஒரு தரம். மத்தியானத்துக்குள் கிண்ணம் நிறைந்துவிட்டது. மாலையில் இன்னொரு கிண்ணம். ஒரு முழு ஆள் சாப்பிடும் சாப்பாடு அது, எண்ணெயும் தேங்காயும் சீனியுமாக. அதைச் சாப்பாடு என்று நான் ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை. உப்புப் பார்ப்பதை யார் சாப்பிட்டதாக நினைப்பார்கள்?

உப்புப் பார்க்காமல் சமைக்க முடியாது. விழுங்காமல் பார்க்கலாம். கைகழுவும் சிறு தொட்டி ஒன்று மூலையில் இருந்தது. நாக்கில் வைத்து, உப்பையும் புளியையும் எடுத்துக்கொண்டு, தொட்டியில் துப்பி, குழாயைத் திறந்து விட்டு, வாயைக் கொப்பளித்து, புதுக் கரண்டி எடுப்பேன். வாயில் பட்ட கரண்டி பாத்திரத்துப் பக்கம் திரும்பிப் போகாது. அக்கா தொலைபேசியில் இருக்கும் நேரம் பார்த்துச் செய்தேன். மூன்று கிழமை. எடை ஏறாமல் நின்றது, பிறகு கொஞ்சம் இறங்கவும் தொடங்கியது.

எங்கள் ஆட்களின் சமையலறையில் துப்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஒளித்துச் செய்தேன்.

நான் நடந்து வந்த அந்த நாளில் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வளைகாப்புக்குச் சமையல். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். "இந்தியாக்காரர் நாக்கு வேறை, பிள்ளை. ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் பாரும்" என்று அக்கா காலையிலேயே சொல்லிவிட்டார். மத்தியானம் தாண்டி, பிள்ளைத்தாய்ச்சியின் மூத்த சகோதரி சாப்பாட்டை ஏற்றிப்போக வந்தார். ஏதோ மென்பொருள் வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியபடி வந்தார். பக்கத்துக் கதவால் நேரே சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார். நான் தொட்டிக்கு மேலே குனிந்திருந்தேன்.

"அய்யோ, ஏங்க துப்புறீங்க? புளியோதரை கெட்டுப்போச்சா?"

அவர் முதலில் அப்படித்தான் நினைத்தார். அவருடைய முகத்தில் இருந்தது சாப்பாட்டைப் பற்றிய பயம்.

"இல்லை இல்லை, நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"நல்லா இருந்தா ஏன் துப்பினீங்க?" கேட்டுவிட்டு, அவரே யோசித்தார். "எச்சிலாச்சே. வளைகாப்புச் சாப்பாடுங்க இது."

அக்கா ஓடி வந்தார். சிரித்தார், மன்னிப்புக் கேட்டார், புதுப் புளியோதரை செய்து தருவதாகச் சொன்னார். அந்தப் பெண் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க வாசலுக்குப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை."

"என்ரை குசினிக்குள்ளை மூண்டு கிழமையாத் துப்பினனீரோ?"

"சட்டிக்குள்ளை இல்லையே அக்கா. சிங்குக்குள்ளை."

"சிங்க் ஆற்றை? அதுவும் என்ரைதான்."

"விழுங்கினா எனக்கு நிறை ஏறுது. சீனி எல்லையிலை நிக்குதெண்டு டொக்டர் சொன்னவ."

"எல்லாருக்கும் நிண்டு போனதுதான், எல்லாரும் வயிறு வைச்சதுதான். நீர் மட்டும் குமரியா இருக்கப் போறீரோ? என்னைப் பாரும். இந்த வயிறுதான் என்ரை விளம்பரம். மெலிஞ்ச சமையல்காரியின்ரை கையாலை ஆர் வாங்கித் தின்னுவினம்?"

"உங்கடை வயிறை உங்கடை கால் காவுது, அக்கா. என்ரை வயிறை என்ரை கால்தான் காவ வேணும்."

அக்கா ஒரு பெரிய தட்டை எடுத்தார். புளியோதரை ஒரு கரண்டி, எலுமிச்சைச் சோறு ஒரு கரண்டி, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, நெய் மிதக்கும் பொங்கல், ஓரத்தில் இரண்டு வடை. தட்டை மேசையில் என் முன்னால் வைத்தார். அந்தப் பெண்ணும் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதவடியில் வந்து நின்றார்.

"அவ பார்க்க ஒவ்வொண்டையும் விழுங்கிக் காட்டும். சாப்பாட்டிலை பிழையில்லை, நான் செய்ததுதான் பிழை எண்டு சொல்லும். இனித் துப்பமாட்டன் எண்டும் சொல்லும். இல்லையெண்டா நான் இந்தத் தொழில் செய்யேலாது."

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய பிழைப்பு அந்த அறையில்தான் இருந்தது. என்னுடையது எங்கே இருந்தது என்று அந்தத் தட்டைப் பார்த்தபடி நின்றேன். ஒரு தட்டுச் சோறு யாரையும் கொன்றுவிடாது. நாளைக்கும் நாளை மறுநாளும் கிண்ணம் கிண்ணமாக விழுங்குவதற்குச் சம்மதம் சொல்வதுதான் அந்தத் தட்டு. பொங்கல் வாசம் மூக்குக்குள் ஏறியது. காலையிலிருந்து ஒரு அவித்த முட்டையும் கொஞ்சம் பயறும்தான் வயிற்றில். கை தட்டுப் பக்கம் போனது உண்மை. போன கையால் கத்திகளை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

"எங்கை போறீர்?"

"வீட்டை."

கதவடியில் அந்தப் பெண் வழிவிட்டு ஒதுங்கினார். நான் தாண்டும்போது மெல்லக் கேட்டார். "உங்களுக்குச் சுகர் இருக்காங்க?"

"இன்னும் இல்லை. வராமல் இருக்கத்தான்."

"அப்ப சமையல் வேலைக்கு ஏங்க வந்தீங்க?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ரொம்மன் தாண்டி, ரொம்சோஸ் மேட்டுக்குக் கீழே, குரோருட் வரை அந்தக் கேள்விதான் என்னோடு நடந்து வந்தது. இந்த வயதில், என் படிப்புக்கு, எனக்குத் தெரிந்த வேலைகள் இரண்டுதான். கழுவுவது, சமைப்பது. கழுவும் இடத்தில் இளம் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். சமைக்கும் இடத்தில் விழுங்க வேண்டும். அம்மருட் மாடிக் கட்டடங்கள் மழைக்குள் தெரிந்தபோது என் முழங்கால்கள் இரண்டும் குத்தின. கோபம் இறங்கவே இல்லை.

வீட்டில் தோழி இருந்தாள். மட்டக்களப்புக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை, அந்த வீட்டின் சொந்தக்காரி. அறை ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். பிட்டும் மீன் குழம்பும் செய்து வைத்திருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக்குள் போய், பிட்டுப் பானையின் மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். வெறும் கையால் அள்ளி, பானை காலியாகும் வரை தின்ன முடியும். முன்பு அப்படித் தின்றிருக்கிறேன். வேலை போன நாட்களில், கலியாணம் முறிந்த நாளில். அப்போது உடம்பு மன்னித்தது.

மூடியை வைத்துவிட்டு அறைக்குள் போய் அரிசிப் பையைத் தூக்கினேன். மேலே, கீழே. மேலே, கீழே. தோழி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"வேல போனதுக்கு அரிசிய ஏன்கா போட்டு அடிக்கிறாய்?"

"வேலை போனது உனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் தொலைபேசியைத் தூக்கிக் காட்டினாள். "வட்ஸ்அப்புல வந்திட்டு புள்ள. ஸ்டோவ்னர்ல ஒரு சமையல்காரி சாப்பாட்டுக்குள்ள துப்பினதாம்."

"சாப்பாட்டுக்குள்ளையோ!"

"ரெண்டாவது ஆள் எழுதக்குள்ள அப்படித்தான் வந்திருக்கு. நாளைக்கு நீ வாளிக்குள்ள துப்பியிருப்பாய்."

அரிசிப் பையைக் கீழே வைத்தேன். ஒஸ்லோவில் எங்கள் சனத்தின் சமையலறைகள் எத்தனை இருக்கும்? எல்லோருடைய தொலைபேசியிலும் நான் துப்பிக்கொண்டிருந்தேன். ஊரை மாற்றலாம் என்று முதல் யோசனை வந்தது, எப்போதும் வருவதுபோல. ட்ரொண்ட்ஹைம், ஸ்டவாங்கர். பை ஒன்று போதும். ஆனால் வைத்தியர் இங்கே, இலையுதிர்காலத்துப் பரிசோதனை இங்கே. எங்கே போனாலும் இந்த வயிறும் கூடவே வரும்.

தோழி எனக்கு ஒரு துண்டு மீனும் கொஞ்சம் கீரையும் போட்டுத் தந்தாள். நான் பிட்டுக் கேட்கவில்லை, அவள் தரவும் இல்லை. நான் முள் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்தபடி சொன்னாள்.

"கோயில்ல சமைக்கிற அம்மாக்கு இடுப்பெலும்பு வெடிச்சுப் போச்சு. ஆள் தேடுறாங்க. வெள்ளிக்கிழமையில மரக்கறி வெட்டப் போற நாங்கதான் மாறி மாறி நிக்கிறம். சம்பளமும் குடுப்பாங்க. ஆனா துடக்கு நிண்ட ஆளாத்தான் வேணுமாம். எங்கட கூட்டத்துல எல்லாருக்கும் ரெண்டுங்கெட்டான், ஒரு மாசம் வருது, மூணு மாசம் வராது. ஆரும் சத்தியம் பண்ணேலா."

"கோயில் எண்டாலும் சமையல்தானே. நான் திரும்பியும்..."

"கோயில்ல வாயில வைக்கேலாது கா" என்றாள்.

நான் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். சுவாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்கக்கூடாது, வாசம்கூட வேண்டுமென்று பிடிக்கக்கூடாது. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். மூன்று கிழமையாக ஒரு தொட்டியைச் சுற்றி ஒளித்துத் திரிந்த எனக்கு அது ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை.

"ஆனா அவங்களும் வட்ஸ்அப் பாக்கிறவங்கதான்" என்றும் சொன்னாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தலைமுழுகிவிட்டு அவளோடு போனேன். பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்றைக் கோயிலாக்கியிருந்தார்கள். நான் வருவதைத் தோழி முன்பே சொல்லி வைத்திருந்தாள்; சப்பாத்துகள் வைக்கும் இடத்திலேயே நிர்வாகத்து ஐயா எங்களை மறித்துக் கதைத்தார். வேட்டிக்கு மேலே குளிர்ச்சட்டை போட்ட, அதிகம் கதைக்காத மனிதர்.

"உங்களுக்கு... அது... மாதம் மாதம்..." என்று தொடங்கி, சப்பாத்துகளைப் பார்த்தார்.

"நிண்டு நாலு வருசமாகுது, ஐயா."

"நல்லது, நல்லது" என்றார் அவசரமாக. அது நின்றதை நல்லது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு அவர் குரலை இறக்கினார். "நேற்று ஸ்டோவ்னரிலை ஒரு பிரச்சினையாம். நீங்களும் அங்கைதானே வேலை செய்தனீங்கள்?"

தோழி என் முழங்கையைக் கிள்ளினாள். இல்லை என்று சொன்னாலும் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

"அது நான்தான்" என்றேன்.

ஐயா ஒரு அடி பின்னால் வைத்தார். "சாப்பாட்டுக்குள்ளையோ?"

"இல்லை. உப்புப் பார்த்துப்போட்டு சிங்குக்குள்ளை. விழுங்கினா நிறை ஏறும். என்ரை அம்மாவுக்குச் சீனியாலை கால் எடுத்தவை. எனக்கும் எல்லையிலை நிக்குது."

உள்ளே யாரோ மணியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. ஐயா தாடையைச் சொறிந்தார்.

"இஞ்சை வாயிலையே வைக்கேலாது" என்றார் யோசித்தபடி. "வாயிலை வைக்காட்டி துப்பவும் ஒண்டுமில்லை."

"ஓம், ஐயா."

"சனம் கதைக்கும். இண்டைக்கு ஒருநாள் சமையுங்கோ. கொஞ்சம் பிழைச்சாலும் என்னாலை ஒண்டும் செய்யேலாது. சொல்லிப்போட்டன்."

மடைப்பள்ளியில் நாலு அடுப்பு. சுவாமிக்குச் சர்க்கரைப் பொங்கல், அன்னதானத்துக்குச் சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கறி, பீன்ஸ் வறை. தோழியும் இன்னும் இரண்டு பெண்களும் மரக்கறி வெட்டினார்கள். அந்த இருவரும் என்னோடு கதைக்கவில்லை. நான் அடுப்படியில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய கத்திச் சத்தம் நின்று பிறகு தொடர்ந்தது. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாக்கு இல்லாமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குவது போல. எத்தனை வருடம் இந்த நாக்கு சொன்னபடி கை போட்டிருக்கிறது. இப்போது கை தனியே நின்றது. உப்பைக் கைப்பிடியில் எடுத்து, சாம்பார் கொதிக்கும் பெரிய கிடாரத்தைப் பார்த்து, கொஞ்சத்தைத் திரும்பப் போட்டேன். மறுபடி எடுத்தேன். கொதி வரும்போது நுரை எப்படி நிற்கிறது, பருப்பு எப்படிக் கரைகிறது என்பதை வைத்து ஏதோ ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். அது தீர்மானம்கூட இல்லை, பயத்தில் குறைத்துப் போட்டேன்.

புளி விட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. அகப்பையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே ஏந்தி, ஊதினேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. உதட்டுக்கு ஒரு விரல் தூரம் இருந்திருக்கும்.

"கை!" என்று தோழி கத்தினாள்.

ஒரு பீன்ஸ் பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. அகப்பை அப்படியே நின்றது. மற்ற இரண்டு பெண்களும் எழுந்துவிட்டார்கள். வாயில் பட்டிருந்தால் அந்தக் கிடாரம் முழுவதையும் வெளியே ஊற்றியிருப்பார்கள், என்னையும் சேர்த்து. அகப்பையிலிருந்து சாம்பார் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில் விழுந்தது, சுட்டது. அகப்பையையும் கையையும் கழுவினேன்.

"பட்டதோ?" என்று இருவரில் ஒருத்தி கேட்டாள். காலையிலிருந்து அவள் என்னோடு பேசிய முதல் சொல்.

"படேல்லை."

அவள் கிட்ட வந்து என் உதட்டைப் பார்த்தாள். ஒரு வைத்தியர்கூட அப்படிப் பார்த்ததில்லை. பிறகு தோளிலிருந்த ஒரு மெல்லிய துணியை எடுத்து நீட்டினாள்.

"வாயைச் சுத்திக் கட்டுங்கோ. பழக்கம் போகும்வரைக்கும்."

கட்டிக்கொண்டேன். அப்படியே சமைத்து முடித்தேன். பொங்கல் உள்ளே போனது. மணி அடித்தது. பூசை முடிந்து சனம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. நான் மடைப்பள்ளிக் கதவு இடைவெளியால் முகங்களைப் பார்த்தேன். முதல் வாய் வைத்தார்கள். மென்றார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள், இருவரும் மடைப்பள்ளிப் பக்கம் பார்த்தார்கள். ஒரு வயதானவர் கையைத் தூக்கி உப்புக் கேட்டார். இன்னொருவரும் கேட்டார். ஐயாவே உப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வரிசை முழுக்கப் போனார்.

அவர் உள்ளே வந்து வெறும் உப்புப் பாத்திரத்தை மேசையில் வைத்தார்.

"சாம்பார் குறைவு" என்றார்.

"பயத்திலை குறைச்சுப் போட்டன், ஐயா."

"பூசணிக்காய் நல்லாயிருக்கு. ஞாயிற்றுக்கிழமை சனம் கூட. காலமை ஏழரைக்கு வாங்கோ." கதவடியில் நின்று திரும்பினார். "உப்பு வெளியிலையும் இருக்குது. நீங்கள் பயப்பிட வேண்டாம்."

துணி தந்த பெண் பிரசாதத் தட்டோடு வந்தாள். சர்க்கரைப் பொங்கல், முந்திரி மேலே. "சமைச்ச கை, ரெண்டு கரண்டி எடுங்கோ" என்று அள்ளப் போனாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. உள்ளங்கையை மட்டும் நீட்டினேன், அதன் நடுக்குழியளவு போதும் என்று காட்டினேன். அவள் என்னையும் தோழியையும் பார்த்துவிட்டு, அந்தளவுதான் வைத்தாள். கண்ணில் ஒற்றி விழுங்கினேன்.

பிறகு ஒரு கைச் சோறும் சாம்பாரும் நிறையப் பூசணிக்காயும் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். சாம்பாரில் உப்பு நன்றாகவே குறைவு. போட்டுக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, காலியான சாம்பார்க் கிடாரத்தை இரு கையாலும் பிடித்து, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கித் தூக்கினேன். அரிசிப் பையைவிடப் பாரம். தொட்டியடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்து, தேய்க்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாருக்கு அரைப்பிடி உப்புக் கூடப் போட வேண்டும்.